சிவப்புச் சோடாவும் பதினைந்து டொலர் வைனும்

1

நான் குடிகாரன் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கப்போகும், கந்தோரில் என்னோடு வேலை செய்த பழைய ஆட்கள் தலைப்பைப் பார்த்ததுமே வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் மொன்றியலில் இருந்துகொண்டு வைனைப் பற்றி எழுதினால் ‘கிழவன் கெட்டுப்போச்சு’ என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் மனைவி பவளம் இறந்து இந்த ஐப்பசியோடு ஒரு வருடம். அவளுடைய ஆட்டைத்திவசப் படையலில் ஒரு கிளாஸ் இத்தாலி வைன் வைப்பதென்று நான் தீர்மானித்தேன். அந்த ஒரு கிளாஸுக்காக வீட்டில் எழுந்த வழக்கையும், அதை நிரப்பச் சரியான போத்தலைத் தேடி நான் அலைந்த அலைச்சலையும் இங்கே எழுதுகிறேன். மலிவான இத்தாலி வைனைப் பற்றி இதிலிருந்து உங்களுக்கு நாலு விஷயம் தெரியவந்தால் அது மேலதிக இலாபம்.

2

எங்கள் வழக்கம் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்த எட்டாம் நாள், அவர் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்போம். மீன், நண்டு, இறைச்சி எதற்கும் தடையில்லை. குடிக்கிற ஆம்பிளை என்றால் சாராயமும் இலைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆட்டைத்திவசத்திலும், பகலில் ஐயர் வந்து சைவமாகச் செய்துவிட்டுப் போன அடுத்த நாள், எங்கள் குடும்பத்தில் இன்னொரு தடவை மச்சப் படையல் வைப்போம்.

பவளத்தின் எட்டு, மகன் கோபியின் வீட்டில் நடந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் அந்த வீட்டில்தான் நாங்கள் இருவரும் கடைசி ஆறு வருடமும் இருந்தோம். ரொறன்ரோவில் இருந்து பவளத்தின் தங்கை புஷ்பம் வந்து குசினியைப் பொறுப்பெடுத்தாள். நண்டுக் குழம்பு, மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் இலைக்கு வந்தன. ஒரு கிளாஸ் வைனும் வைக்கவேண்டும் என்று நான் சொன்னேன்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே? பொம்பிளையின்ரை படையலுக்குப் போத்தல் வைக்கிறதோ?”

“அவள் குடிச்சவள்.”

“குடிச்சவ எண்டு ஊருக்கு மேளம் அடிக்கப் போறியளோ? வாற சனம் என்ன கதைக்கும்?”

பிறகு அவளே குளிர்ப்பெட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த சிவப்புச் சோடாவை எடுத்து ஒரு கிளாஸில் ஊற்றினாள். “நிறம் ஒண்டுதானே. அக்காவுக்கு விளங்கும்,” என்றாள். பேத்தி மாயா தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று பிறகு கேட்டேன். “அப்பம்மாவுக்குச் சோடா பிடிக்காதே,” என்றிருக்கிறாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சரியாகக் கதைத்தவள் அவள் ஒருத்திதான். அதுவும் வந்திருந்த சனத்துக்கு விளங்காத பாஷையில்.

பவளம் சோடாவைத் தொடமாட்டாள். வாயு என்பாள், பல் கூசுகிறது என்பாள், கலியாண வீடுகளில் தந்தால் பூச்சாடிக்குள் ஊற்றிவிட்டு வருவாள். அப்படிப்பட்டவளுக்குக் கடைசியாக நாங்கள் வைத்த பானம் சிவப்புச் சோடா. ஒரு வருடமாக என் தொண்டைக்குள் கிடந்தது இதுதான். சாவை நான் ஏற்றுக்கொண்டேன். அது வயதுக்கும் வருத்தத்துக்கும் உரியது. சோடாவை ஏற்றுக்கொள்ளவில்லை.

3

பவளத்துக்கு வைன் எப்படிப் பழக்கமானது என்று கேட்பீர்கள். வந்த புதிதில் நாங்கள் கோட்-டெ-நேஜில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். எனக்குப் பண்டகசாலையில் பெட்டி எண்ணுகிற வேலை. பவளத்துக்கு இத்தாலியர்கள் நிறைந்த சென்-லெயோனாரில், ஒரு கலியாண மண்டபத்துக்கு ரவியோலி செய்து கொடுக்கும் சமையலறையில் வேலை கிடைத்தது. மாத்தட்டுக்குள் உள்ளீடு வைத்து ஓரத்தை மடித்து நசுக்கவேண்டும். கொழுக்கட்டைக்கு ஓரம் பின்னிய கைக்கு அது புது வேலை இல்லை. பவளம் இடக்கைக்காரி. அவளுடைய மடிப்புகள் மற்றப் பெண்களின் மடிப்புகளுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். முதலாளி அம்மா தட்டைப் பார்த்ததுமே, “இது பவளம்,” என்று சொல்லிவிடுவாவாம்.

அங்கே மத்தியானம் எல்லோரும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிடவேண்டும். பாண், ஏதாவது ஒரு மரக்கறி, ஆளுக்கு அரைக் கிளாஸ் சிவப்பு வைன். முதல் நாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பவளம் சொன்னாள்:

“இஞ்சை கேளுங்கோ, இண்டைக்கு நான் வைன் குடிச்சனான்.”

“என்ன மாதிரி இருந்தது?”

“நாவல்பழத்தை உப்பிலை தொட்டுத் திண்ட மாதிரி. பேந்து தொண்டையைக் கொஞ்சம் பிடிக்குது.”

“சம்பளத்திலை வெட்டுவினமோ?”

“இல்லையாம். சும்மா.”

“அப்ப குடி.”

இதுதான் நடந்தது. ஒளிப்பு மறைப்பு, சண்டை, கண்ணீர் ஒன்றும் இல்லை. புஷ்பம் நினைப்பதுபோல ஊருக்கு மேளம் அடிக்கிற மாதிரியான ரகசியமும் இதில் இல்லை. மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பதுபோல, பவளம் பத்தொன்பது வருடம் வேலை நாட்களில் அரைக் கிளாஸ் வைன் குடித்தாள். ஒரு நாளும் தள்ளாடவில்லை. ஒரு பஸ்ஸையும் தவறவிடவில்லை.

வேலையை விட்டு நின்றபோது முதலாளி அம்மா ஆறு போத்தல்கள் கொடுத்து அனுப்பினா. அப்ருட்சோ என்கிற பகுதியின் வைன். மொந்தெபுல்சியானோ என்பது திராட்சையின் பெயர். லேபிளில் ஒரு மாட்டு வண்டில் படம். எங்கள் வீட்டில் அதற்கு ‘வண்டில் வைன்’ என்று பெயர். அன்று முதல் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் இருவரும் ஆளுக்கு அரைக் கிளாஸ் குடித்தோம். நானும் அப்போதுதான் தொடங்கினேன், ஐம்பத்தெட்டு வயதில்.

முதல் ஆறு போத்தல்களும் முடிந்தபோது, மூலையில் இருக்கும் தெப்பனேரில், அதுதான் பால், பாண், சிகரெட் விற்கும் சில்லறைக் கடையில், ஒரு வைன் வாங்கி வந்தேன். பவளம் ஒரு மிடறு குடித்துவிட்டு, “இது பஸ் ஸ்ராண்ட் சர்பத்,” என்று சொல்லித் தொட்டிக்குள் ஊற்றினாள். அதன்பிறகு வைன் கடையில் வண்டில் வைனைத் தேடிப் பிடித்தோம். பவளம் ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள். “பதினைஞ்சு டொலருக்கு மேலை போகப்படாது. விடிஞ்சால் மூத்திரமாப் போற சாமான்.”

4

கியூபெக்கில் வைன் கடை மாகாண அரசின் கையில் இருக்கிறது. இங்கே வந்த தமிழர்களுக்கு இது அதிசயம். எனக்கு அதிசயமில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுத் திணைக்களத்தில் கணக்குப் பரிசோதகனாக இருந்தவன். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திய கள்ளுத் தவறணைகள், அதுதான் கள்ளுக்கடைகள், பலவற்றின் கணக்கு என் கையால் போயிருக்கிறது. நான் எண்ணிய போத்தல்களை நீங்கள் எவரும் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டீர்கள். குடித்ததில்லை, மணமே போதும். ஆனால் ஒரு கடை தன் சரக்கை எப்படிப் புகழும் என்பது எனக்குத் தெரியும்.

ஆவணி மாதம் வண்டில் வைன் வாங்கப் போனேன். தட்டில் இல்லை. மற்றக் கடையிலும் இல்லை. தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவுசெய்த குரல் ஒன்று ஆங்கிலத்துக்கு ஒன்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பிரெஞ்சில் ஒருவர் வந்தார்.

“அந்தப் பொருள் இப்போது பட்டியலில் இல்லை, ஐயா.”

“ஏன் இல்லை?”

“விற்பனை போதாது.”

“நான் மாதம் இரண்டு போத்தல் வாங்குகிறேனே.”

“நன்றி, ஐயா,” என்றார் அவர், நான் ஏதோ நன்கொடை கொடுத்தது போல. அதேபோன்ற வேறு பொருட்களைக் கடை ஊழியரிடம் கேட்கலாம் என்றும் சொன்னார். அதேபோன்ற வேறு பொருள். போன வருடம் சோடா ஊற்றியபோது புஷ்பம் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைத் தட்டுகளில் சில போத்தல்களுக்குக் கீழே ஓர் அட்டை தொங்கும், கடை ஊழியரின் பரிந்துரை என்று. அந்த அட்டைகளைக் கண்டதும் எனக்குத் தவறணை மனேச்சர் ஒருவரின் ஞாபகம் வந்தது. முதல் நாள் மிஞ்சிய கள்ளைக் காட்டி, “இண்டைக்கு இதுதான் திறம்,” என்பார். பரிந்துரை என்பது மிச்சத்தின் மறுபெயர். ஆனால் அதே மனேச்சரிடம் யாராவது வந்து, “படையலுக்கு” என்று ஒரு சொல் சொன்னால் போதும். கையில் இருந்த புனலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், விடிய இறக்கிய கள்ளை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு வருவார். அளவுக்கு மேலே போன அந்தத் துளிகளை நான் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை.

கடையில் நின்ற பெண்ணின் சட்டையில் மரி-ஏவ் என்று பெயர் இருந்தது. முப்பது வயது இருக்கும். தலைமயிருக்கு நாவல்பழ நிறம் அடித்திருந்தாள். நல்ல சகுனம். நான் அட்டையைக் காட்டி நேரடியாகக் கேட்டேன்:

“இதைப் புகழ்வது ஏன்? பின்னால் எத்தனை பெட்டி மிஞ்சிக் கிடக்கிறது?”

அவள் சிரித்தாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, “இதில் இரண்டு பெட்டிதான் மிச்சம். இது நான் எழுதிய அட்டை, எனக்குப் பிடித்தது. வாசலில் அச்சடித்த பெரிய அட்டை ஒன்று நிற்கிறதே, அதில்தான் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன,” என்றாள்.

அந்த இடத்திலேயே அவளை நம்பினேன். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான வைன் வாங்கப் போனால் அச்சடித்த அட்டையைத் தாண்டிப் போங்கள், கையால் எழுதியதைத் தேடுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் இன்னும் நல்லது.

5

என்னுடைய பிரெஞ்சில் நிகழ்காலம் மட்டும்தான் உண்டு. வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய வகுப்புக்குப் போனேன். இறந்தகாலம் தொடங்குகிற கிழமை பண்டகசாலை வேலை கிடைத்தது. அத்தோடு வகுப்பு முடிந்தது. அதனால் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருந்தது: என் மனைவி சிவப்பு வைன் குடிக்கிறாள். பதினைந்து டொலருக்கு மேல் விரும்புவதில்லை. நாவல்பழம் என்றொரு பழம் இருக்கிறது, அதைப்போல் இருக்கிறது என்கிறாள்.

அந்தப் பழத்தை அவளுக்கு விளக்க முடியவில்லை. கறுப்பு, சிறியது, நாக்கை ஊதாவாக்கும், தொண்டையைப் பிடிக்கும் என்றேன். அவள் யோசித்து யோசித்து மூன்று போத்தல்களை எடுத்துத் தந்தாள். ஒரு சனிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். சலரோகத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, மருந்து தரும் வைத்தியர் எனக்கு அரைக் கிளாஸ்தான் அனுமதித்திருக்கிறார். மிச்சத்தை மகனும் மருமகளும் முடித்தார்கள். அவர்கள் ஒன்றும் முறையிடவில்லை.

முதலாவது, சிசிலியின் நீரோ தாவோலா. பதினாலு டொலர் சொச்சம். நல்ல ஆள்தான். வட்டமான, உரத்துக் கதைக்கிற, எல்லோரோடும் ஒத்துப்போகிற ஆள். ஆனால் பவளத்தின் ஆள் இல்லை. தொண்டையைப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, சப்பாத்து வடிவான இத்தாலியின் குதிக்காலில் இருந்து வரும் பிரிமிதீவோ. இதைத்தான் எல்லாக் கடைகளிலும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பரிந்துரைக்கிறார்கள். காரணம் இனிப்பு. ஜாம் போத்தலைக் கழுவிய தண்ணீரில் சாராயம் கலந்த மாதிரி இருந்தது. மருமகளுக்குப் பிடித்தது. எனக்குச் சோடாவின் ஞாபகம் வந்துவிட்டது. கிளாஸை அப்படியே தள்ளி வைத்தேன்.

மூன்றாவது, வடக்கில் இருந்து வரும் பார்பேரா. அரைநெல்லிக்காய்ப் புளிப்பு. மீன் குழம்போடு எடுபடும். ரசத்துக்குப் பதிலாகவே குடிக்கலாம். ஆனால் நாவல்பழம் இல்லை.

மூன்று சனிக்கிழமைகளும் முடிந்து மறுபடி கடைக்குப் போனபோது மரி-ஏவ், “மூன்றும் பிடிக்கவில்லையா? அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இங்கேயே சின்னக் கிளாஸில் சுவைத்துப் பார்க்கட்டும்,” என்றாள்.

அப்போதுதான் என்னுடைய நிகழ்காலம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று விளங்கியது. ஆங்கிலத்துக்கு மாறினேன். பவளம் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, அவளுக்கு உணவு படைக்கிற நாள் வருகிறது, அதற்குத்தான் இந்த வைன் என்றேன். ‘படையலுக்கு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இவ்வளவு தேவைப்பட்டது.

‘ஐயோ பாவம்’ என்று அவள் சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்கு நான் நன்றி உள்ளவன். கையில் இருந்த பெட்டி வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அவ வைனோடு என்ன சாப்பிடுகிறா?” என்று கேட்டாள். எல்லாம் தெரிந்த பிறகும் நிகழ்காலத்திலேயே கேட்டாள்.

“நண்டு. கத்தரிக்காய். மிளகாய்த்தூள் நிறைய.”

“அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நான் இவ்வளவு நாளும் பழத்தையே துரத்திக்கொண்டிருந்தேன். உறைப்பான சாப்பாட்டுக்கு மர மணம் அடிக்கிற வைன் கூடாது.”

அவள் கீழ்த்தட்டில் குனிந்து ஒரு போத்தலை எடுத்தாள். மீண்டும் அப்ருட்சோ, மீண்டும் மொந்தெபுல்சியானோ, பதின்மூன்று டொலர் சொச்சம். லேபிளில் படம் ஒன்றும் இல்லை. அட்டையும் இல்லை. சிறு விவசாயிகள் பலர் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வைன் என்றாள்.

கூட்டுறவு என்றதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தக் கடையில் இருந்த அத்தனை போத்தல்களிலும் என் உத்தியோகத்துக்குச் சொந்தமான போத்தல் அதுதான்.

6

ஆனால் அன்று பின்னேரம் குடித்துப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. நாவல்பழம் இருந்தது. உப்பு இல்லை. பவளத்தின் கிளாஸை, அதாவது முதலாளி அம்மா கொடுத்தனுப்பிய அடி தடித்த சின்னக் கிளாஸை, கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். வீட்டுக்குள் வெப்பமாக்கி ஓடிக்கொண்டிருந்தது. போத்தலைத் தொட்டேன். இளஞ்சூடு.

கோட்-டெ-நேஜ் வீட்டில் குளிர்ப்பெட்டியில் இடம் இருக்காது. பவளம் போத்தலைக் காற்றுப் புகும் ஜன்னல் விளிம்பில் வைப்பாள். அவள் வேலை செய்த இடத்திலும் வைன் பின்கதவோரம்தான் நிற்குமாம். நான் போத்தலைக் கொண்டுபோய்க் கார் விடும் கொட்டகையின் படியில் வைத்தேன். கோபி வந்து எட்டிப் பார்த்தான்.

“அப்பா, கராஜுக்குள்ளை இருந்து குடிக்கிற அளவுக்கு வந்திட்டியளோ?”

“போத்தல் குளிருது. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீ போ.”

அரை மணி நேரம் கழித்து ஊற்றினேன். உப்பு வந்துவிட்டது. தொண்டையையும் பிடித்தது. பவளம் சொன்னது சொன்னபடி இருந்தது. ஆகவே வாசகர்களுக்கு இரண்டாவது பாடம்: சிவப்பு வைனை வீட்டுச் சூட்டில் வைக்கவேண்டும் என்று சொல்பவர்கள் இந்தக் காலத்து வெப்பமாக்கியைக் கண்டதில்லை. மலிவான இத்தாலி வைனைச் சற்றுக் குளிர வையுங்கள், மரியாதையாக நடந்துகொள்ளும். அப்படியானால் முதல் மூன்று போத்தல்களையும் நான் சூட்டில் நிறுத்தி வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இருக்கட்டும். மறுவிசாரணை கிடையாது.

போத்தல் கிடைத்த பிறகுதான் வீட்டில் வழக்குத் தொடங்கியது. கோபி நல்ல பிள்ளை. கணினி நிறுவனத்தில் பெரிய வேலை. சண்டை வேண்டாம் என்பது அவனுடைய மதம்.

“அப்பா, அம்மாவுக்கு வைக்கிறதெண்டால் ஒரு நல்ல வைனா வைப்பம். நான் ஒரு பரோலோ எடுத்துக்கொண்டு வாறன். அறுபது டொலர்தான்.”

“அம்மா அறுபது டொலர் வைன் குடிச்சவளோ?”

“இல்லை. அதுதானே சொல்லுறன், ஒருக்காலாவது...”

“அவள் எழும்பி வந்து பில்லைக் கேப்பாள்.”

சிரித்தான். பிறகு உண்மையான கதைக்கு வந்தான். “சரி, உங்கடை வைனையே வைப்பம். ஆனா சில்வர் பேணியிலை ஊத்தி வைப்பம். சித்திக்குத் தெரியாது. உங்களுக்கும் சந்தோசம், அவவுக்கும் சந்தோசம்.”

இது எங்கள் சனத்தின் பழைய வழி. கலியாண வீடுகளில் போத்தல் மேசைக்குக் கீழே நிற்கும், கோலா பேணிக்குள் விஸ்கி இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டதில்லை. ஆண்களுக்கு இது விளையாட்டு. பவளம் ஒரு நாளும் மேசைக்குக் கீழே வைத்துக் குடித்தவள் இல்லை. மத்தியான வெளிச்சத்தில், பாணைப் பிய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் குடித்தவள்.

“பேணி வேண்டாம், கோபி. கண்ணாடிக் கிளாஸ்தான். தெரியவேணும்.”

“சித்தி எழும்பிப் போயிடுவா அப்பா.”

“ரொறன்ரோவுக்கு றோட்டு ஒண்டுதான். வந்த வழி தெரியும்.”

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, புஷ்பம் எழும்பிப் போவதை நான் விரும்பவில்லை. பவளத்துக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவள். அவள் இல்லாத படையல் பாதிப் படையல். சோடா வைத்த படையலும் பாதிதான். இரண்டு பாதிகளில் எதை விடுவதென்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. சோடாவை விடுவதென்று முடிவெடுத்துக்கொண்டேன்.

7

ஐயர் வந்து சைவமாகச் செய்த நாள் ஒரு கரைச்சலும் இல்லாமல் போனது. திதி புதன்கிழமை வந்தது. சனிக்கிழமைக்கு மாற்றுவோம் என்று கோபி கேட்டதற்கு, அம்மா சனிக்கிழமை சாகவில்லை என்றேன். அவனும் லீவு போட்டான், மாயாவும் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

அடுத்த நாள் காலை புஷ்பம் தன்னுடைய நண்டுச் சட்டியோடு குசினிக்குள் இறங்கினாள். பையில் இருந்து சிவப்புச் சோடாப் போத்தல் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள். பெரிய போத்தல். நான் என்னுடைய போத்தலைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். மருமகள் அடுப்பைக் குறைத்தாள்.

“அத்தான், போன முறை கதைச்சு முடிச்ச கதை இது.”

“நீ கதைச்சாய். நான் முடிக்கேல்லை.”

“உந்தப் போத்தல் அக்காவின்ரை இலைக்குப் பக்கத்திலை வந்துதெண்டால் நான் இந்த வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடியன்.”

“மாமாவின்ரை எட்டுக்கு இலைக்குப் பக்கத்திலை என்ன வைச்சனீங்கள்?”

அவள் கரண்டியை எடுத்துச் சட்டியைக் கிண்டினாள். மாமா என்பது அவளுடைய தகப்பன், என்னுடைய மாமனார்.

“சாராயம். ஆர் ஊத்தினது? நீதான். கை நடுங்காமல் ஊத்தினாய். நானும் நிண்டனான்.”

“ஐயா ஆம்பிளை.”

“ஐயா குடிச்சுப்போட்டு வேலிக்குள்ளை விழுந்தவர். நாங்கள் தூக்கினனாங்கள். அதுக்கும் வைச்சம். உன்ரை அக்கா அரைக் கிளாஸ் குடிச்சிட்டு இருநூறு ரவியோலி மடிச்சவள். அதுக்கு வைக்க ஏலாதோ?”

மாயா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாழ்ப்பாணத் தமிழில் அவளுக்குப் பாதிதான் விளங்கும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது போல, கையைக் கட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். புஷ்பம் அதைக் கண்டாள். கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டாள். தொலைக்காட்சி ஓடவில்லை.

மற்ற வேலையை மருமகள் முடித்தாள். என்னுடைய அறையில், பவளத்தின் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டோம். சோறு, நண்டு, மீன், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக நானே பரிமாறினேன். அரை மணி நேரம் கார் விடும் கொட்டகையில் குளிர்ந்த போத்தலைத் திறந்து, பவளத்தின் கிளாஸில் பாதிக்கு ஊற்றி, தண்ணீர் வைக்கிற இடத்தில், இலையின் வலப்பக்கம் வைத்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கோபி கற்பூரத்தை எடுத்தான்.

“அத்தான்.”

வாசலில் புஷ்பம் நின்றாள். நான் அடுத்த சண்டைக்குத் தயாரானேன். சொல்லவேண்டியதெல்லாம் நாக்கில் நின்றது.

“கிளாஸை மற்றப் பக்கம் வையுங்கோ. அக்கா இடக்கைக்காறி எல்லோ.”

இரண்டு தடவை சரிபார்த்த பரிசோதகன் நான். குனிந்து கிளாஸை எடுத்து இடப்பக்கம் வைத்தேன். புஷ்பம் உள்ளே வந்து, இலை நுனியை ஒரு விரலால் நேராக்கிவிட்டு, கைகூப்பி நின்றாள்.

கற்பூரம் காட்டி, எல்லோரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர் வந்து சாப்பிடுவதற்கு நேரம் கொடுக்கவேண்டும். பிறகு கோபி கதவில் தட்டி, கொஞ்சம் பொறுத்துத் திறந்தான். புஷ்பம்தான் முதலில் உள்ளே போனாள். குனிந்து கிளாஸைப் பார்த்தாள்.

“கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இல்லை, அத்தான்?”

அந்தக் கிளாஸின் நடுவில் ஒரு வளையம் இருக்கிறது. அதற்கு ஒரு நூல் மேலே ஊற்றியிருந்தேன். ஒரு நூல் மேலேயே நின்றது. ‘ஓம்’ என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் போன வருடம் ஆறுதலுக்காகத்தானே சோடா ஊற்றினோம்.

“குறையேல்லை, புஷ்பம். வைச்சது வைச்சபடி கிடக்கு. ஆனா இந்த முறை பிழையா வைக்கேல்லை.”

“நீங்கள் ஒரு மனிசன்,” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

இலையில் இருந்த எல்லாவற்றையும் குழைத்து ஆளுக்கொரு பிடி கொடுப்பது வழக்கம். பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டேன் என்றவள் கையை நீட்டினாள். பெரிய பிடியாகக் கொடுத்தேன். படைத்த வைனை நானும் மகனும் மருமகளும் மாயாவும் ஒரு மிடறு ஒரு மிடறாக முடித்தோம். மாயா உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, இதுதானோ அந்த நாவல்பழம்?” என்று கேட்டாள். அவள் அந்தப் பழத்தைக் கண்டதில்லை. என்றைக்காவது ஒரு நாள் அவள் நாவல்பழம் தின்றால், ‘வைன் மாதிரி இருக்கு’ என்று சொல்லப்போகிறாள். சொல்லட்டும், அதிலும் தவறில்லை.

பிறகு எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். போத்தல் மேசைக்கு மேலே, நடுவில் நின்றது. புஷ்பத்துக்கும் ஊற்றவா என்று கேட்டேன்.

“உந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம்,” என்றாள். தன்னுடைய சிவப்புச் சோடாவை உடைத்துத் தன் கிளாஸை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டாள்.

அவளுடைய கிளாஸும் என்னுடைய கிளாஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேசையின் அடுத்த அந்தத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம்தான். கிட்ட வந்து பார்க்கவேண்டும் என்றுதான் நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.